ஓடிப் பழகிய போர்வைகள்

பாவாயிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு உள்ளே ஓடி அப்பாவைப் பார்த்தாள். உடனே வெளியே ஓடிப் போர்வை தைப்பதைப் பார்த்தாள். மறுபடியும் உள்ளே ஓடினாள்.

அப்பா ராசப்பனுக்குக் குளிர் காய்ச்சல். குளிர் வந்துவிட்டால் அவரோடு சேர்ந்து கட்டிலும் ஆடும். பற்கள் தந்தியடிக்கும். மார்கழி வாடைக்காற்று வேறு ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. யுத்த காலம் என்பதால் கடைகளில் கம்பளியே கிடைக்கவில்லை. அந்தச் சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் இருந்த கம்பளிகளோ சல்லடையாகிவிட்டன.

அதனால்தான் வெளியே புளியமரத்தடியில் ஊர்ப் பெண்கள் கூடிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாபேட்டை நெசவாளர்கள் தர்மமாகக் கொடுத்த வெள்ளைத்துணி. பக்கத்துக் காட்டில் விளைந்த பஞ்சு. இரண்டு துணிகளுக்கு நடுவில் பஞ்சைப் பரப்பி, அது நகராமல் இருக்க நெடுக நூலோட்டினார்கள்.

"ஆச்சுங்களா அக்கா?" என்று பாவாயி கேட்டாள்.

"நீ கேக்கற போதெல்லாம் ஊசி கையில குத்துது, சாமி. அந்தப் பக்கம் போ" என்றார் பழனியம்மாள். தையல் வேலைக்கு அவர்தான் தலைவி.

"நானும் தைக்கட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி. காலையில தைச்சது போதும்."

காலையில் பாவாயி ஆசையாக உட்கார்ந்து தைத்தாள். எழுந்தபோது போர்வையும் கூடவே எழுந்தது. பாவாடையையும் சேர்த்துத் தைத்திருந்தாள்.

ஒருவழியாகப் போர்வைகள் தயாராயின. நர்ஸ் சௌந்திரம் அவற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பாவாயி அவருக்கு முன்னால் ஓடினாள்.

முதல் போர்வை, வாசலோரக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் மாரியப்பனுக்கு. நர்ஸ் அவருக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டார்.

அப்போதுதான் அவருடைய மனைவி சின்னாயி கஞ்சிச் சட்டியோடு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார்.

"என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே, ராசா..."

மாரியப்பன் கண்ணைத் திறந்தார். "நான் எங்கேயும் போகல. சத்தம் போடாத, தலை வலிக்குது" என்றார். பிறகு தன்மேல் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. "நர்ஸம்மா, எனக்குக் கோடி போத்திட்டீங்களே."

இறந்தவர்களைப் படுக்க வைத்து, அவர்கள்மேல் போர்த்தும் புது வெள்ளைத்துணிக்குத்தான் கோடி என்று பெயர். மரத்தடியில் தைக்கும்போது யாருக்கும் அது தோன்றவில்லை. மடியில் கிடக்கும்வரை அது வெறும் துணிதான். படுத்திருக்கிற ஆள்மேல் விரித்ததும்தான் எல்லோருக்கும் திக்கென்றது.

வரிசையாக எல்லாரும் போர்வையைத் தள்ளிவிட்டார்கள். அப்பாமேல் போர்த்தியதை அம்மா ராமாயியே உருவிக் கீழே போட்டாள்.

"வேண்டாமுங்க நர்ஸம்மா. பாத்தா கோடியாட்டமே இருக்குது" என்றாள்.

"குளுருல நடுங்குறாரே, ராமாயி?"

"நடுங்குனாலும் பரவாயில்லீங்க."

சாயம் போட்டுவிடலாமா என்று பழனியம்மாள் கேட்டார். இந்த வாடையில் எப்போது காய்வது என்றார் நர்ஸ். தைத்த பெண்கள் வாசலிலேயே நின்றார்கள்.

அப்பாவின் கட்டில் மறுபடியும் ஆடத் தொடங்கியது. பாவாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே கிடந்த போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு மெத்தென்று இருந்தது.

"ஏனுங்கம்மா, புதுத்துணின்னா எல்லாமே கோடிதானுங்களா?"

"பேசாம இரு, கண்ணு."

"பொங்கலுக்கு எனக்குப் புதுப் பாவாடை கட்டி உடறீங்களே?"

"அதுக்கு மூலையில மஞ்ச வெச்சுத்தானே கட்டறோம்? கோடிக்கு யாரு மஞ்ச வெப்பாங்க? அதுவுமில்லாம அது ஓடியாடற புள்ளைக்குக் கட்டறது" என்றாள் அம்மா.

பாவாயி துள்ளி எழுந்தாள்.

"அப்போ நான் ஓடியாடிட்டுத் தாரேன்."

அம்மா என்னவென்று கேட்பதற்குள் அவள் வெளியே ஓடிவிட்டாள். நோயாளிகளின் வீட்டார் சமைக்கும் கொட்டகையில் ஒரு துண்டு மஞ்சளை வாங்கி, கல்லில் இழைத்து, உள்ளங்கையில் வழித்துக்கொண்டு வந்தாள். போர்வையின் நான்கு மூலைகளிலும் தடவினாள். தோளோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். ஓடினாள்.

வாசல்வரை ஓடித் திரும்பினாள். மரத்தைச் சுற்றினாள். போர்வை அவளைவிட நீளம். கட்டில்களுக்கு நடுவில் கால் தடுக்கி உருண்டுபோனாள். போர்வைக்குள்ளிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அழுதுகொண்டிருந்த சின்னாயிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூச்சிரைக்க அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, இது என் போர்வை. நான் போட்டுப் பழசாக்கிட்டனுங்க. கொஞ்ச நேரம் நீங்க வெச்சுக்கறீங்களா?"

அப்பா நடுங்கும் கையால் மஞ்சள் மூலையைத் தடவினார். "எம் புள்ளை போட்டது எனக்கென்ன பயம்? போத்து, சாமி."

அம்மா நகர்ந்து வழிவிட்டாள். பாவாயி போர்த்திவிட்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாரியப்பன் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஏஞ் சாமி, எம் போர்வைக்கும் மஞ்ச வெச்சு ஒரு ஓட்டம் ஓடியாறியா?"

"வாரேனுங்க தாத்தா."

"கொஞ்சம் நல்லாவே ஓடு. எனக்கு வயசு அதிகம்."

அடுத்த கட்டிலும் கேட்டது. அதற்கடுத்ததும் கேட்டது. பழனியம்மாள் மஞ்சள் இழைத்துக் கொடுத்தார். பாவாயி போர்த்துவதும் ஓடுவதும் கொடுப்பதுமாக இருந்தாள். ஊரே குளிரில் சுருண்டிருக்க, அவளுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குள் ஓடக்கூடாது என்று எப்போதும் அதட்டும் நர்ஸ் சௌந்திரம், வழியில் கிடந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தார்.

கடைசிப் போர்வையைக் கொடுத்துவிட்டு அப்பாவின் கட்டிலுக்கு வந்தாள் பாவாயி. கட்டில் ஆடவில்லை. அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே அவருடைய ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

பாவாயி கையை நீட்டுவதற்குள் அம்மா எழுந்து வந்தாள். போர்வையை இழுத்து அந்தக் காலை மூடி, ஓரத்தைக் காற்று புகாதபடி அழுத்திச் சொருகிவிட்டாள்.