‘இ’ போட்ட சுவர்

அந்தச் சுவரில் அவள் எழுதவில்லை.

கூடத்தின் நடுச்சுவரில் எழுதினாள். சமையலறையை மறைத்துக்கொண்டிருந்த குறுக்குச் சுவரில் எழுதினாள். இடிக்கப் போகிற சுவருக்கெல்லாம் ஒரு ‘இ’ போட்டு வைக்கச் சொன்னவர் கொத்தனார். காலையில் வருகிற ஆட்கள் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் கடப்பாரையை எடுத்துவிடலாம். ஆனால் பின்னறையில், மாமியாரின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், முழங்கால் உயரத்தில் இன்னொரு ‘இ’ இருந்தது. விரலை நீலப் பொடியில் தோய்த்து எழுதியது. சுழி பிசகாமல், வாலை நன்றாக இழுத்து, அவசரமே இல்லாமல்.

நீலப் பொடி வாசலில் கிண்ணம் நிறைய இருந்தது. நூலை அதில் புரட்டி, சுவரின் இரண்டு கோடியிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் மயிரிழை விலகாத கோடு விழும். எங்கே வெட்ட வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் சொல்லும். அந்தக் கிண்ணத்தில் யார் வேண்டுமானாலும் விரல் வைத்திருக்கலாம்.

“பின்னறையில நீங்களா எழுதினீங்க?” என்று கணவனைக் கேட்டாள்.

“நான் அலமாரிச் சுவத்துல மட்டும்தான் போட்டேன். அப்பா ஆசையா வெச்ச அலமாரி. அது இருக்கட்டும்னு ஒரு ‘இ’ போட்டேன்.”

“இருக்கட்டும்னா?”

“இருக்கட்டும்னா இருக்கட்டும். ‘இ’.”

கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். “சார், ‘இ’ன்னா இடி சார்! நல்ல வேளை, பசங்க கை வைக்கல. இருநூத்து நாப்பத்தேழு எழுத்துல உங்களுக்கு இந்த ஒண்ணுதான் கெடச்சுதா?”

“மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன் சார். நீங்க போனுக்குத் தலையாட்டிட்டு இருந்தீங்க.”

மூவரும் சிரித்தார்கள். இனி இடிக்கிற சுவருக்கு ‘இ’யின் மேல் ஒரு பெருக்கல் குறியும் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பின்னறைச் சுவரில் எழுதியது யார் என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. அவளுக்கு மட்டும் அமுங்கவில்லை. மகள் குட்டிக்கு நாலு வயது. பள்ளியில் இன்னும் ‘ஆ’வைத் தாண்டவில்லை.

இந்த இடிப்பெல்லாம் குட்டிக்காகத்தான். சுவரெல்லாம் ஈரம் குடித்துக் கருத்துப்போன வீடு. குட்டிக்கு இளைப்பு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ மெல்ல விசிலடிப்பதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடுமோ என்று அவள் விழித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். காற்றும் வெளிச்சமும் இல்லாமல் இந்தக் குழந்தை தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு வெகுமுன்பே, கல்யாணமாகி வந்த புதிதிலேயே, ஒரு ஜன்னலாவது வைக்கலாமே என்று அவள் கேட்டிருக்கிறாள். மாமியாரிடமிருந்து ஒரே சொல் வந்தது. “இருக்கட்டும்.” கதவு தேய்கிறது என்றால் இருக்கட்டும். குழாய் ஒழுகுகிறது என்றால் இருக்கட்டும். பின்னறைச் சுவருக்கு ஒரு கோட் வெள்ளையடிக்கக்கூட விடவில்லை.

பக்கவாதம் வந்து அந்தச் சொல்லின் வாலை நறுக்கிவிட்டது. வலது பக்கம் செத்துப்போய்ப் படுத்த மாமியாருக்கு மிஞ்சியது முதல் எழுத்து மட்டும்.

“இ... இ...”

“மிச்சத்தை நான் முடிச்சு வைக்கிறேன் அத்தை,” என்று அவள் முதல் நாளே குனிந்து காதோரம் சொன்னாள். “இடிக்கட்டும்.”

சொன்னதும் வாய்க்கு இனித்தது. அதனால் அடிக்கடி சொன்னாள். கஞ்சி ஊட்டும்போது சொன்னாள். படுக்கை விரிப்பை வெடுக்கென்று உருவும்போது சொன்னாள். மாமியாரின் கடைக்கண்ணிலிருந்து ஒரு கோடு நீர் காதுக்குள் இறங்கும். அதைத் துடைக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

ஈரத்துணியால் அந்த நீல எழுத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த மாமியாரின் இடது கை. ஆள்காட்டி விரலின் நுனி நீலமாக இருந்தது.

கட்டிலிலிருந்து சுவர் வரை ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற தூரம். மாமியாரால் புரண்டு படுக்கக்கூட முடியாது.

“நடிக்கிறீங்களா அத்தை?” என்றாள். குரல் அவள் நினைத்த அளவுக்குக் கடுமையாக வரவில்லை.

மறுநாள் காலை எழுத்து அதே இடத்தில் இருந்தது. அவள் நேராகக் கொத்தனாரிடம் போனாள்.

“பின்னறைச் சுவரையும் எடுத்துடுங்க. அங்கதான் குட்டிக்குப் பெரிய ஜன்னல் வைக்கணும்.”

“தட்டிப் பார்த்துட்டுச் சொல்றேம்மா.”

தட்டினால் சுவர் பேசும். சுத்தியல் காம்பால் ஒரு தட்டு. நிறைவான சுவர் ‘திண்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பூச்சு விட்டுப்போயிருந்தால் உடைந்த சட்டிபோல் கரகரக்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் ‘தொம்’ என்று ஒரு ஆழம் கேட்கும், கிணற்றுக்குள் கூப்பிட்ட மாதிரி. கொத்தனார் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். திண். திண். தொம்.

“ரெட்டைச் சுவரும்மா இது. வெளியே ஒண்ணு, உள்ளே ஒண்ணு. நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சு நிக்கலாம். உள்சுவரைப் பின்னாடி எழுப்பியிருக்காங்க. எதுக்குன்னுதான் தெரியல.”

இன்னும் இரண்டு தட்டு தட்டினார். தொம், தொம்.

உள்ளேயிருந்து ஒன்று வந்தது. தொம்.

கொத்தனார் கன்னத்தை எடுத்துக்கொண்டார். மெதுவாக, சூடுபட்டவர்போல. “எலியா இருக்கும்,” என்றார். பிறகு அவளைப் பார்க்காமல் மேலே உத்தரத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

வீடு நிற்பது என்பது பாரத்தைக் கைமாற்றுகிற வேலை. கூரையின் கனத்தைச் சட்டங்கள் வாங்கி உத்தரத்திடம் கொடுக்கும். உத்தரம் சுவரிடம் கொடுக்கும். சுவர் அதை மண்ணிடம் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பதுபோல் நிற்கும். நடுவில் ஒரு கையை எடுத்தால் அந்தக் கனம் அடுத்த கைக்குப் போகும். எது கடைசிக் கை என்று தெரிந்துகொள்வதுதான் கொத்தனாரின் படிப்பு.

“நடுச்சுவர் இன்னிக்குப் போயிடும். போனதும் மொத்தக் கனமும் இங்கதான் வரும். உத்தரத்தோட தலை இந்த ரெண்டு சுவத்து மேலயும் குறுக்கா உட்கார்ந்திருக்கு. உள்ளே தொட்டாலும் போச்சு, வெளியே தொட்டாலும் போச்சு. நாளைக்கு இரும்புத் தூண் வரும். அதுவரைக்கும் இதுல ஒரு ஆணிகூட அடிக்காதீங்கம்மா. அடிச்சா இந்த அறை அப்படியே உட்கார்ந்துடும்.”

“நாளைக்கு எடுத்துடலாம்ல?”

“நாளைக்கு வேற ஆளைப் பாருங்க,” என்றார் கொத்தனார், சுத்தியலைப் பைக்குள் வைத்தபடி. “அந்தச் சுவத்துக்கு மட்டும்.”

கதவருகே குட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர் போனதும் உள்ளே ஓடிவந்து, கன்னத்தைச் சுவரில் ஒட்டி, பிஞ்சு முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். டொக், டொக். கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“உள்ளே ஒரு அக்கா இருக்காம்மா. எனக்கு ‘இ’ சொல்லிக் கொடுத்தா.”

அவள் பளாரென்று ஒன்று விட்டாள். ஏன் அடித்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. குட்டி அழவில்லை, நெஞ்சுக்குள் விசில் மட்டும் ஏறியது. கட்டிலில் மாமியார் தலையைத் திருப்பி, சுவரைப் பார்க்காமல், குட்டியை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். துணிக்கடையில் அளவு பார்ப்பதுபோல.

கணவனிடம் கேட்டாள். “உங்களுக்கு முன்னாடி உங்க வீட்டுல வேற குழந்தை இருந்துச்சா?”

“ஒரு அக்கா இருந்தாளாம். சின்னதுலயே போயிட்டா.”

“போயிட்டான்னா?”

“போயிட்டான்னா போயிட்டாதான். அம்மா அதைப் பத்திப் பேசவே விடமாட்டாங்க. கேட்டா இருக்கட்டும்பாங்க.”

தூசி குட்டிக்கு ஆகாது. அவளைப் பக்கத்து வீட்டில் கொண்டு விட்டுவிட்டு வந்தபோது நடுச்சுவரில் முதல் கடப்பாரை இறங்கியிருந்தது. பகல் முழுக்க இடித்தார்கள். செங்கல் செங்கலாய் உருவியபோது வீடு ஒவ்வொரு முறையும் லேசாக முனகியது. சுண்ணாம்பு வாசனையும், பல வருடத்து இருட்டை ஒரேயடியாகத் திறந்துவிட்ட வாசனையும் தொண்டையில் படிந்தன. பொழுது சாயும் நேரத்தில் நடுச்சுவர் இருந்த இடத்தில் வெறும் வெளி இருந்தது. ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு போனார்கள். வயர்களைக் கழற்றியிருந்ததால் விளக்கு இல்லை. கணவன் குட்டியைக் கூட்டிவரப் போனான்.

அவள் கூடத்தில் தனியாக நின்றாள். மேலே உத்தரம் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. நாற்காலியில் உட்காரும் கிழவனின் முட்டிச் சத்தம்போல. கனம் இடம் மாறுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசிக் கைக்குப் போகிறது.

போன் அடித்தது.

“குட்டி அங்க வந்தாளா?” கணவனின் குரலில் மூச்சிரைத்தது.

“என்ன சொல்றீங்க?”

“மத்தியானமே கிளம்பிட்டாளாம். வீட்டுல அக்கா கூப்பிடுறான்னு சொன்னாளாம். சொந்தக்காரப் பொண்ணு யாரோ வந்திருக்குன்னு நினைச்சு விட்டுட்டாங்களாம். நான் தெருவுல தேடுறேன். நீ உள்ள பாரு!”

அவள் சமையலறையில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். செங்கல் குவியலுக்குப் பின்னால் பார்த்தாள். பின்னறை வாசலில் குட்டியின் செருப்பு இருந்தது. ஜோடியாக, ஒழுங்காக, சுவரைப் பார்த்து.

அறையில் மாமியார் மட்டும்.

“குட்டி?”

டொக், டொக்.

சுவரிலிருந்து வந்தது. முழங்கால் உயரத்திலிருந்து. ‘இ’ இருந்த இடத்திலிருந்து.

அவள் ஓடிப்போய்ச் சுவரைத் தடவினாள். மேலே, கீழே, மூலையில். பழைய பூச்சு. பழைய கறை. காலண்டர் மாட்டிய பழைய ஆணித் தடம். ஒரு விரிசல் இல்லை. ஒரு எறும்பு நுழைகிற ஓட்டை இல்லை. உள்ளே போக வழியே இல்லை.

காதை வைத்தாள்.

விசில்.

மெல்லிய விசில். அவள் எத்தனையோ இரவுகள் விழித்துக் கேட்ட விசில். இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

“குட்டி! அம்மா இங்கதான் இருக்கேன்டா!”

“அம்மா...” எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல வந்தது. “இருட்டா இருக்கும்மா. மூச்சு முட்டுது.”

கூடத்துக்கு ஓடினாள். பெரிய சுத்தியல் கிடைத்தது. திரும்பி வந்து, இரண்டு கையாலும் ஓங்கி, எழுத்துக்கு ஒரு சாண் மேலே ஒரே அடி.

சுவர் அதிர்ந்தது. மேலே உத்தரம் வாய்விட்டு அலறியது. கூரையிலிருந்து மண் கொட்டியது, அவள் தலையில், கட்டிலில். சுவரின் உச்சியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, கீழ்நோக்கி, யாரையோ தேடுவதுபோல் வளைந்து வந்து, நின்றது. உள்ளேயும் ஏதோ பொலபொலவென்று விழுந்தது.

“அம்மா! மேல விழுது! மேல விழுதும்மா!”

அவள் கை நின்றது.

உள்ளே தொட்டாலும் போச்சு. வெளியே தொட்டாலும் போச்சு.

இன்னொரு அடி. அறை உட்கார்ந்துவிடும். குட்டியின் மேல்.

அடிக்காவிட்டால்.

விசில் இழுத்தது. நின்றது.

இழுத்தது.

போனைத் தேடினாள். மண்ணில் எங்கோ விழுந்திருந்தது. “யாராவது வாங்க!” என்று கத்தினாள். கத்தியது வெறும் கூடத்தில் சுற்றிவிட்டு அவளிடமே வந்தது.

“வெளிய வாடா கண்ணு. எப்படி உள்ள போனியோ அப்படியே வாடா.”

“அக்கா கையை விடமாட்டேங்கிறாம்மா.”

டொக், டொக்.

அதற்கு உள்ளேயே பதில் வந்தது. குட்டிக்குப் பக்கத்திலிருந்து. தொம்.

மறுபடி ஓங்கிய சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. மெல்ல, மெல்ல, எழுந்து உட்காருகிற ஒருவரின் கனத்தில் கிறீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. செத்துப்போயிருந்த வலது கை. அது கல் பதிவதுபோல் சில்லென்று அவள் மணிக்கட்டில் பதிந்தது. எல்லா விரல் நுனிகளும் நீலமாக இருந்தன.

விசில் இழுத்தது.

காதோரம் ஒரு மூச்சு. கஞ்சி வாசனை. அவள் தினம் தினம் குனிந்த அதே இடத்தில், அதே நெருக்கத்தில், அதே இனிப்போடு, ஒரு எழுத்துகூடக் குறையாமல், முழுச் சொல்.

“இருக்கட்டும்.”