திருடர் சொன்ன 'வர்றேங்க'

அட்டை காலை எட்டு மணிக்குக் கூடத்துத் திரையில் விரிந்தது. வெள்ளைத் தாள், மூலையில் கறுப்பு மையில் வரைந்த ஒரு கையுறை, நடுவில் அழகான தமிழ்க் கையெழுத்து.

"நாளை மாலை ஏழு மணிக்குத் தங்கள் மகள் குயிலியை எடுத்துக்கொள்கிறேன். தாங்கள் அளித்த அனுமதிக்கு நன்றி. அன்புடன், ஹயாமா."

எழிலரசி அதை இரண்டு முறை படித்தாள். அடுப்பில் தோசை கருகுவது அப்புறம்தான் தெரிந்தது.

"என்னங்க, இதுல குயிலி பேரு இருக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் கலைமணி, ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே. "எழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாரு. நமக்கெல்லாம் இப்படி வருமா?"

குழந்தையை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. அப்படியிருந்தால் போலீசையாவது கூப்பிட்டிருக்கலாம். கலைமணியின் தலைக்குள் பதினோரு வருடமாகச் சேர்ந்திருக்கும் குயிலியைத்தான் ஹயாமா எடுக்கப்போகிறார். முதல் அழுகை, முதல் பல், நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் போட்ட சண்டை, எல்லாவற்றையும்.

ஹயாமா ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடரின் நாயகர். முன்கூட்டியே கடிதம் போட்டு, சொன்ன நிமிடத்தில் வந்து, சிரிக்கச் சிரிக்கப் பேசி, குனிந்து வணங்கிவிட்டுப் பொருளோடு மறைகிற கனவான் திருடர். நம் ஊரில் திருடர்களில் மரியாதை விகுதி கிடைத்தது இவருக்குத்தான். மேடை ஏறுகிற திருடர்களைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒசாகாவில் அவரைக் கதைமூளை என்ற செயற்கை அறிவுக்குள் குடிவைத்தார்கள். அதன்பிறகு அவர் பிறர் எழுதிக்கொடுத்ததை மட்டும் ஒப்பிக்கும் பாத்திரமாக இல்லை, தானே யோசித்துப் பேச ஆரம்பித்தார். கூடவே நினைவுப்பொட்டு வந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கும் எள்ளளவு கருவி. மறக்க விரும்பும் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டு தொடரைப் பார்த்தால், திரையில் ஹயாமா ஒரு பெட்டகத்தைத் திறப்பார். அந்த நேரத்தில் பொட்டு மூளைக்குள் அந்த நினைவின் முடிச்சுகளை அவிழ்க்கும். அவர் விடைபெற்றுப் போனதும் நினைவும் போய்விடும். ஒருவருக்கு ஒரு முறைதான். இதற்கென்று தனியாகப் பூட்டு எதுவும் வைக்கவில்லை. ஹயாமா சொன்ன சொல் தவறமாட்டார், அவர் குணம்தான் பூட்டு என்று ஒசாகாக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கலைமணி மின்சார ரயில் ஓட்டுநர். மூன்று வருடத்துக்கு முன் அவர் ரயிலின் முன்னால் ஒருவர் வந்து நின்றார். பிரேக் போட்டும் ரயில் நிற்கவில்லை. அந்த முகம் கலைமணியைச் சாப்பிடவிடவில்லை, தூங்கவிடவில்லை. ஹயாமா வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். கலைமணி மறுபடி சிரித்தபோது எழிலரசி அந்தத் திருடரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன ஆடியில் கலைமணி சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "இந்தம்மா யாரு எழில்?" என்று சாதாரணமாகக் கேட்டார். அது அவரைப் பெற்றவள். இரண்டாவது அட்டை வந்ததே அப்போதுதான் எழிலரசிக்குத் தெரிந்தது. இப்போது வந்திருப்பது மூன்றாவது.

பத்து மணிக்குள் செய்தி பரவிவிட்டது. பொட்டு வைத்த மூன்று லட்சம் தமிழ் வீடுகளிலும் அதே காலையில் அதே அட்டை வந்திருந்தது. பெயர்கள் மட்டும்தான் வேறு. சிலருக்கு மனைவி, சிலருக்குத் தங்கை, ஒருவருக்கு அவர் வளர்த்த நாய்.

பொட்டைப் பிடுங்கிவிடலாமா என்று எழிலரசி டாக்டரைக் கேட்டாள். அட்டை வந்துவிட்டால் பெட்டகம் திறந்தாயிற்று, இப்போது கை வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றார் அவர். டிவியை அணைத்துவிட்டால்? "அணைச்சுடுங்க. அவர் வர்றது உங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

அவள் வேலை பார்த்ததே ஹயாமாவிடம்தான். தொடரின் தமிழ் வடிவத்துக்கு வசனம் எழுதியவள் எழிலரசி. சாலிகிராமத்தில் உள்ள டப்பிங் கூடத்துக்கு ஓடி, ஒசாகாவில் கதைமூளையைக் கட்டிய பொறியாளர் மொரிகாவாவைக் கூப்பிட்டாள். மொரிகாவா பேசுவதை மொழிமாற்றிக் கருவி செய்தி வாசிப்பதுபோலத் தமிழில் சொன்னது.

"ஜப்பானில் அவர் எந்த வீட்டுக்கும் இரண்டாம் முறை சென்றதில்லை. தமிழ் வீடுகளுக்கு மட்டுமே செல்கிறார். தன்னை அழைத்தார்கள் என்கிறார். துயரம் தீர்ந்த பெட்டகத்தில் எது மிகக் கனமாக இருக்கிறதோ அதை எடுக்கிறார்."

"நிறுத்த முடியாதா?"

"ஒவ்வொரு பொட்டிலும் முழு ஹயாமா ஒருவர் இருக்கிறார். என் கையில் எதுவும் இல்லை. ஒன்று கேட்கிறேன். விடைபெறும்போது ஜப்பானிய மொழியில் அவர், 'இனி நாம் சந்திக்கப்போவதில்லை' என்பார். தமிழில் என்ன சொல்கிறார்?"

எழிலரசிக்கு அந்த வரி நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு பேர் வாழுகிற வீட்டில் நின்றுகொண்டு இனிமேல் சந்திக்கமாட்டோம் என்று யாராவது சொல்வார்களா? வாயைக் கழுவு என்பார்கள். அதனால் நம் வழக்கப்படி, "வர்றேங்க" என்று எழுதினாள். அது நன்றாக அமைந்துவிட்டதென்று அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பார்க்கிற ஜனங்களும் சும்மா இல்லை. திரையில் அவர் "வர்றேங்க" என்றதும் வீட்டுக்கு வீடு, "போயிட்டு வாங்க" என்றார்கள். வாய் தானாகச் சொல்லிவிடுகிற வார்த்தை. சொன்ன சொல் தவறாத மனிதர் ஒருவர், வருகிறேன் என்று வாக்கும் கொடுத்து, வாங்க என்று அழைப்பும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வராமல் என்ன செய்வார்?

அவள் அந்த வரியை அழித்துவிட்டு, "போறேங்க" என்று எழுதிச் சோதனைத் திரையில் ஓட்டினாள். ஹயாமா வரியைப் படித்தார். முகம் சங்கடப்பட்டது.

"மன்னிக்கணும்மா. வெளக்கு வெச்ச வீட்ல நின்னுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க."

மூன்று லட்சம் வீடுகளில் உட்கார்ந்து பழகியதில் அவர் அவளைவிட நல்ல தமிழராகிவிட்டிருந்தார். அவள் பயந்துபோய்த் திரையை அணைத்தாள்.

மறுநாள் மத்தியானம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவரைத் திருத்த முடியாது. வீட்டுக்காரர்களைத் திருத்தலாம். அழைத்தது அவர்கள்தானே? அவர்களே அழைப்பைத் திரும்பப் பெற்றால் கனவான் என்ன செய்வார்? மொரிகாவாவும் ஒப்புக்கொண்டார். நாலு மணிக்கு எல்லாத் திரைகளிலும் எழிலரசியே தோன்றிப் பேசினாள். "ஏழு மணிக்கு அவர் வந்ததும், எதையும் எடுக்கறதுக்கு முன்னாடி, முகத்தப் பாத்து 'இனிமே வராதீங்க'ன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்தைதான். தயவுசெஞ்சு சொல்லிடுங்க."

ஆறே முக்காலுக்கு அவள் வீடு வந்து சேர்ந்தாள். குயிலி கூடைப்பந்துப் பயிற்சியிலிருந்து இன்னும் வரவில்லை. கலைமணி சட்டை மாற்றி, தலை வாரி, திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்கு வந்தவரப் பாத்து வராதீங்கன்னு எப்படி எழில் சொல்றது? நாக்கு கூசுது."

"குயிலி உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"என்ன கேள்வி இது!" என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்றேன். நீ கைய மட்டும் விடாத."

ஏழு மணிக்குத் திரை வெளிச்சமானது. ஹயாமா வாசலிலேயே காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. எழிலரசிக்குமே ஒரு நொடி வரவில்லை.

"நல்லாருக்கீங்களா கலைமணி சார்?"

கலைமணி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "சார்... தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே... இனிமே நீங்க வராதீங்க."

ஹயாமா பெட்டகத்தின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டார். இடுப்பு வளைய வணங்கினார்.

"சரிங்க. வீட்டுக்காரர் வார்த்தைக்கு மறுவார்த்தை ஏது? இனிமே வரமாட்டேன்."

எழிலரசி அழுதுவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். ஹயாமா அங்கேயே நின்றார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பெட்டகத்துக்குள் ஏறி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"போனாத்தானேங்க திரும்பி வரணும்," என்று சொல்லி, உள்ளிருந்து கதவைச் சாத்தினார். திரை இருண்டது.

கலைமணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழிலரசி அவர் தோளைப் பிடித்து உலுக்கியபோது கைப்பேசி அடித்தது. மொழிமாற்றியின் செய்தி வாசிப்புக் குரலில்கூட மொரிகாவாவின் பதற்றம் தெரிந்தது.

"எவர் வீட்டிலும் எதுவும் திருடப்படவில்லை. ஆனால் அவர் வெளியேறியதற்கான பதிவு ஒன்றுகூட இல்லை. மூன்று லட்சம் பேரிலும் அவர் உள்ளேயே இருக்கிறார். நீங்கள் என்ன சொல்லச் சொன்னீர்கள்?"

வாசல் மணி அடித்தது. எழிலரசிக்கு முன்பே கலைமணி எழுந்தார், நிதானமாக, சட்டையின் மடிப்பை நீவி விட்டுக்கொண்டு. போய்க் கதவைத் திறந்தார். வியர்த்து வழிந்தபடி, பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குயிலி நின்றிருந்தாள். பதினோரு வருடமாக அவர் அவளை "வாடி" என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"வாங்க," என்றார் கலைமணி, இனிமையாகச் சிரித்து. "உள்ள வாங்க, உக்காருங்க."

தனக்குப் பின்னால் யாரோ பெரியவர் வந்திருக்கிறார் போல என்று குயிலி திரும்பிப் பார்த்தாள்.