வெந்தய வாடை

நாள் முழுக்க வெயிலில் காய்ந்த துணி நாறக்கூடாது. நாறியது. நித்யா மேரி அந்த நீல ஜெர்ஸியை மோந்து பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கம்பெனிக்காரனைத்தான் திட்டினாள். ரசாயனக் கம்பெனிகளை ஒட்டிய குடிகாட்டில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். குழம்பு ஊசிப்போனாலும் கம்பெனி, சாக்கடை அடைத்தாலும் கம்பெனி, காற்று திரும்பிப் புகை ஊருக்குள் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அதனால் எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை.

ஜெர்ஸி அவள் புருஷன் லியோவுடையது. லீவு கிடைத்தால் சிதம்பரம் பக்கத்து உப்பங்கழியில் துடுப்புப் படகு விடப் போவான், அப்போது போடுகிற வழவழ பாலியஸ்டர், முழுக்கை. அதே கடையில் அதே நீலத்தில் அவள் தம்பி லூர்துவுக்கும் ஒன்று எடுத்தார்கள். அந்த ஒரு சைஸ்தான் இருந்தது. லியோவுக்குத் தொளதொள, ஓங்குதாங்காக வளர்ந்த லூர்துவுக்குப் பிடிப்பு. மாமாவும் மச்சானும் இஸ்கூல் பிள்ளைங்க மாதிரி ஒரே யூனிஃபார்மா என்று அவள் கேலி பண்ணியிருக்கிறாள்.

ஐப்பசியில் இரண்டு பேரும் படகு விடப் போனார்கள், லியோ மட்டும் வந்தான். சென்னையில் ஏதோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், கரையேறியதும் லூர்துவை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏற்றிவிட்டானாம், அந்த நீல ஜெர்ஸியோடேயே ஏறிப் போனானாம். போலீஸ் ஸ்டேஷனிலும் லியோ இதையேதான் சொன்னான். அன்றிலிருந்து லூர்துவின் போன் அடிக்கவில்லை. தாய் தகப்பன் போனபிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, உயிரோடு இருக்கிறானா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று செவ்வாய்தோறும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். லியோவும் பக்கத்தில் முழங்கால் போட்டு, அவளைவிடச் சத்தமாக ஜெபம் சொன்னான்.

துவைக்கிற மிஷினில் வாசனைத் தண்ணி நிறைய ஊற்றி ஜெர்ஸியை மறுபடி போட்டாள். பக்கத்து வீட்டு சவரிமேரி, ஃபுட்பால் ஆடுகிற மகனின் துணிகளோடு தினம் மல்லுக்கட்டுகிறவள், அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மாதிரித் துணிக்கு வாசனைத் தண்ணி ஆகவே ஆகாதாம், எண்ணெய்ப் பிசுக்கை உள்ளே பூட்டி வைத்துவிடுமாம். வினிகர் கலந்த பச்சைத் தண்ணியில் ஊறப்போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்து, அப்படியே காயப்போடச் சொன்னாள். போகும்போது திரும்பி நின்று, "காஞ்சப்ப ஒண்ணும் தெரியாது நித்யா. மேலுல போட்டு உடம்புச் சூடு பட்டுதுன்னா, உள்ள இருக்கறது அப்பதான் வெளிய வரும்" என்றாள்.

அப்படியே செய்தாள். வாடை போயே போய்விட்டது. மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்து வந்தாள். வந்து பார்த்தால் ஜெர்ஸியின் அக்குள் இரண்டும் நனைந்து கருநீலமாக இருந்தன. அண்ணாந்து பார்த்தாள், மேலே ஒழுகவில்லை. தொட்டுப் பார்த்தாள். ஈரம். வெதுவெதுப்பான ஈரம், இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்ட மாதிரி.

திரும்பவும் ஊறப்போட்டாள். சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாள். கார்த்திகை மழை பிடித்துக்கொண்டதால் கூடத்திலேயே கொடி கட்டி, ஃபேனுக்கு அடியில் உலர்த்தினாள். லியோ ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அதையே பார்ப்பான். சாப்பிடும்போதும் பார்ப்பான். தூக்கிப் போட்டுடலாமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம், இன்னும் நல்லா அலசு, ஒரு வாடையும் இருக்கக்கூடாது என்றான். புருஷனுக்கு ராசியான சட்டை போல என்று நினைத்துக்கொண்டு அவளும் மாங்குமாங்கென்று அலசினாள்.

ஒரு சாயந்திரம் மழை வலுத்தது. ஓடைத் தண்ணீர் தெருவில் ஏறும் சத்தம், தகரக் கொட்டகையில் விடாமல் கொட்டும் சத்தம், இதற்கு நடுவே கூடத்தில் சொட் சொட்டென்று தனியாக ஒன்று. போய்ப் பார்த்தாள். கொடியில் காய்ந்து முறமுறத்திருந்த ஜெர்ஸியின் கைநுனியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனாள், இந்தத் தடவை அந்த வாடை கம்பெனிப் புகையாகவும் இல்லை, வெறும் நாற்றமாகவும் இல்லை, அதற்கு ஒரு பேர் இருந்தது.

வெந்தயம்.

உடம்புச் சூட்டுக்கென்று காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம் முழுங்குகிறவன் லூர்து. பள்ளிக்கூடம் போகிற வயசிலிருந்தே அவன் வேர்வையில் அந்த இனிப்பு கலந்த கசப்பு வாடை அடிக்கும். அவன் சட்டைகளைத் துவைத்த கை இது, அதற்குத் தெரியாதா? லியோவுக்கு வெந்தயக் குழம்பென்றாலே ஆகாது.

இது லூர்துவுடையது. லூர்து இதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதாக லியோ சொன்னானே.

அடப்பாவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்து ஜெபம் சொன்னானே. அவள் அழும்போதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தானே. அதுகூடப் பரவாயில்லை. அவள் தம்பியின் வாடையை அவள் கையாலேயே அலசி அலசிச் சாக்கடையில் ஊற்ற வைத்தானே.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மூக்கு பொய் சொல்லாதா? சொல்லக்கூடாதா? உடம்புச் சூடு பட்டால் தெரிந்துவிடும். நைட்டிக்கு மேலேயே ஜெர்ஸியை மாட்டிக்கொண்டாள்.

ஈரம் ஒட்டியது. கைகள் அவள் விரலைத் தாண்டித் தொங்கின. கரண்ட் போனது. இருட்டில் அசையாமல் நின்றாள். மெள்ள மெள்ளச் சூடு ஏறியது, அவள் உடம்பின் சூடுதான் என்று முதலில் நினைத்தாள். வெந்தயம் குப்பென்று எழுந்தது. அதற்கு அடியில் கழியின் சேறு. அழுகிய இலை.

முதுகில் ஏதோ துடித்தது.

அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது. முதுகில் துடித்தது நிதானமாக இருந்தது. விட்டு விட்டு. இரண்டும் வேறு வேறு.

கழற்றப் பார்த்தாள். வரவில்லை.

வாசலில் பைக் நின்றது. கதவு திறந்தது. லியோ செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான், அந்த வெளிச்சம் அவள்மேல் பட்டு அப்படியே நின்றது. அவன் கையிலிருந்த சாப்பாட்டு டப்பா கீழே விழுந்து உருண்டது.

"மச்சான்" என்றான் லியோ.

கட்டிய பெண்டாட்டியை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

"நீ தண்ணியில முழுகறப்ப என் சட்டைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டடா. நானும் சேந்து முழுகியிருப்பேன். அதான் சட்டைய உன் கையிலயே கழட்டி விட்டுட்டேன். நீ கழட்டி வச்சிருந்தது படகுல கெடந்துது, அதப் போட்டுக்கினு வந்துட்டேன். அவகிட்ட எப்படிடா சொல்லுவேன்?"

அவன் நித்யாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு ஒரு முழம் மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று. நெற்றியில் இறங்கி, மூக்கோரம் வழிந்து, உதட்டில் நின்றது. உப்புக் கரித்தது.

லியோ சுவரோடு சுவராக ஒட்டினான். அவள் அசையவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. நீலக் கைகள் இரண்டும் அவள் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மெதுவாக, அவனை நோக்கி நீண்டன. அவள் விரல் எட்டாத கைநுனிகள் புடைத்து நிறைந்திருந்தன. போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தன.

விடவில்லை.