அடிப்பாறைக்குக் கீழே

மோட்டரை நிறுத்திய பிறகும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பிழை தயாபரனுடையதுதான்.

நெடுந்தீவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. கனடாவிலிருந்து திரும்பியவன் இரண்டையும் தன் காணிக்குள்ளேயே செய்துவிட்டான். தோண்டிய கல்லைக் குவித்தால் மலை. பள்ளத்தில் மோட்டரால் தண்ணீர் விட்டால் ஆறு. கரையில் உட்காரக் கதிரை போட்டால் பூங்கா. உல்லாசப் பயணிகள்தான் வரவில்லை. ஆழம் போதாதென்று அடிப்பாறையையும் உடைத்தான். அதன்மேல்தான் ஊரின் நல்ல தண்ணீர் தங்கி நிற்கிறது என்று தீவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவனும் தீவில் பிறந்தவன்தான். அந்தக் கிழமையே கீழிருந்த கடல்நீர் ஏறி அயல் கிணறுகள் உவர்த்தன.

உப்புத் தேத்தண்ணியையே குடித்துவந்த அவன் மனைவி பவதாரணி, பின்னேரம் குடத்தோடு போனவள். பொழுது சாய்ந்தும் வரவில்லை.

மதிலுக்கு அப்பால் அயல் வீட்டுச் சின்னத்தங்கம் நின்றாள்.

"அக்கா, பவாவைக் கண்டனீங்களோ?"

"நல்ல தண்ணி தேடிப் போனவ."

"எந்தப் பக்கம்?"

"ஆறு உம்மடது தம்பி. என்னட்டைக் கேக்கிறீர்."

அவன் தண்ணீர் ஓடிய வழியே நடந்தான். அது கடலை நோக்கி ஓடவில்லை. ஈரச் சுண்ணாம்பும் அழுகிய சாதாளைப் பாசியும் மணக்க, இடுப்பளவுகூட இல்லையென்று பவா சிரித்த அந்த மலைகள் இருபுறமும் தோள் தொட்டு, தலை தாண்டி, மிச்சமிருந்த வெளிச்சத்தையும் மறைத்துக்கொள்ள, ஒரு கூப்பாட்டுத் தூரத்தில் முடியவேண்டிய அவனுடைய காணி முடியாமல் நீண்டுகொண்டே போனது. திரும்பிப் பார்த்தான். வீடு இல்லை. மலைதான்.

அவளுடைய குடம். கவிழ்ந்து கிடந்தது.

பிறகு ஒரு சத்தம். மடக். மடக்.

ஆறு அங்கே முடிந்தது.

பவா முழங்காலில் இருந்தாள். வாய் திறந்திருந்தது. ஆறு முழுவதும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. வயிறு ஊதவில்லை. கண் இமைக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அதே மாதிரி, அயல் வீட்டுச் சனம். வரிசையாக. கடைசியில், மதிலடியில் விட்டுவந்த சின்னத்தங்கம்.

"பவா." அவள் தோளைப் பிடித்தான். "குடிச்சது காணுமம்மா, நிப்பாட்டும். பள்ளம் எல்லாத்தையும் மூடிவிடுறன். வீட்டை வாரும். எழும்ப ஏலுமோ?"

அவள் வாய் மூடவில்லை. பதில் அவன் காலடித் தண்ணீரிலிருந்து வந்தது, அவளுடைய குரலில், கொஞ்சம் பாவம் பார்த்த மாதிரி.

"ஏலாதப்பா."