அலமாரியில் மாறிய கிளட்ச்

பெட்டியைப் பிரித்தபோது பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பட்டறைக்கு உரிமையாளரான பெரியவர். அவர் தூக்கி வளர்த்த ஒரே தம்பி, இன்ஜின் வேலையில் அவருக்கு வலது கை. ஆபீஸ் அறையில் பில் போடும் மருமகன். கிளட்ச் கிட்டை வரவழைத்துக் கொடுத்த பார்ட்ஸ் கடைக்காரர். காரின் சொந்தக்காரியான பல் டாக்டர். வேறு ஈ, காக்கை இல்லை. பின்னால் ஆளுக்கொரு கதை கட்டினார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை 9.10.

டாக்டரம்மாவின் கார் லிஃப்டில் நின்றது. கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது. டர்போவை மாற்றி இன்ஜின் பலத்தைக் கூட்டிய நாளிலிருந்து பழைய கிளட்ச் வழுக்கியது. இன்ஜின் உறுமும், வண்டி நகராது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயம். காரின் கதவில் பெரியவருடைய பட்டறைப் பெயரை டாக்டரம்மா எழுதியிருந்தார்.

எந்த கிட் போடுவது என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. இரட்டை டிஸ்க்தான் வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். பெரியவர் மசியவில்லை.

"அந்தம்மா தினமும் இதுலதாண்டா கிளினிக் போறாங்க. டிராஃபிக்ல வண்டி குதிச்சுக் குதிச்சுப் போனா, பல்லு புடுங்கறவங்களுக்கே பல்லு ஆடிடும்."

கடைசியில் ஒற்றை டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்க அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் என்று அவரே முடிவு செய்தார். ஊரெல்லாம் தேடியும் அந்த கிட் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அடுத்தது வர ஆறு வாரம் ஆகும்.

புதன்கிழமை மாலை 4 மணிக்குக் கடைக்காரர் பெட்டியைக் கொண்டுவந்தார். பெரியவர் டிஸ்க்கை மட்டும் கியர்பாக்ஸ் தண்டில் மாட்டிப் பற்கள் சேர்கின்றனவா என்று பார்த்தார். பிளேட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. அது அவருடைய தவறு. பெட்டி இரும்பு அலமாரிக்குள் போனது. அலமாரிக்கு மூன்று சாவிகள்: அவரிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, மருமகனிடம் ஒன்று.

இப்போது அவர் பிளேட்டை இரண்டு கையாலும் தூக்கினார். அதே விரல்களால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். டிஸ்க்கை அழுத்தும் இரும்பு முகத்தின் ஓரத்தில் கடுகளவு துரு. நடுவிலிருந்த ஸ்பிரிங்கின் விரல் போன்ற பட்டைகள் மெலிந்து தெரிந்தன. தடிமன் அளக்கும் காலிப்பரை வைத்தார். அரை மில்லிமீட்டர் குறைந்தது.

"இது நான் கேட்டதில்ல. போலி."

டாக்டரம்மா கிட்டே வந்தார். "இதைப் போட்டிருந்தா?"

"ரெண்டாவது கொண்டை ஊசி வளைவுல கருகியிருக்கும். அதுக்கப்புறம் கதவுல இருக்கற என் பேரைத்தான் எல்லாரும் படிச்சிருப்பாங்க."

மருமகன் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "என்னங்க, எங்க தலையிலயே மிளகாய் அரைக்கறீங்களா?"

"இந்தா பாருங்க, வார்த்தைய அளந்து பேசுங்க. முப்பது வருஷமா சரக்கு போடறேன். ஒரு நட்டு பழுதுன்னு திரும்பி வந்திருக்கா?"

"அப்ப அலமாரிக்குள்ள அது குட்டி போட்டுச்சா?"

"போதும்," என்றார் பெரியவர். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மாப்பிள்ளை, நீங்க பெட்டியத் திறந்தீங்களா?"

"திறந்தேன் மாமா. நேத்து மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. பில்லுல போட பிளேட்டுக்கு அடியில இருக்கற நம்பர் வேணும்னு தூக்கினேன். ஒரே பிசுபிசுப்பு. பில்லுல பெருவிரல் கறை அப்படியே இருக்கு. சோப்பு தேடி அலைஞ்சேன்."

"அப்புறம்?"

"ஒரு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டேன். குழந்தைக்கு ஊசி போடற நாள். உங்க பொண்ணையே கேளுங்க."

"கடைக்காரரே, நேத்து இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"கடைய விட்டு நகரல. அந்த மழையில எங்க வர்றது?"

"நான் ரெண்டு மணிக்குப் பெயின்ட் கடைக்குப் போனேன், ஆறு மணிக்கு வந்தேன்." பெரியவர் தம்பியைப் பார்த்தார். "நீ?"

"இங்கதான் இருந்தேன். அந்த அலமாரிப் பக்கமே போகலண்ணே."

"பெட்டியத் தொடல?"

"தொடல."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பில்லை வாங்கிக் கறையைப் பார்த்தார். எழுதியிருந்த நம்பரையும் படித்தார். பில்லில் இருந்தது அசல் பிளேட்டின் நம்பர். கையில் இருந்த பிளேட்டின் அடியில் நம்பரே இல்லை.

காலை 9.40.

"கடைக்காரர் குடுத்தது அசல்தான்," என்றார். "நேத்து பன்னெண்டு மணிக்கு அசல் நம்பரோட அது உள்ள இருந்திருக்கு. அதுக்கப்புறம்தான் மாறியிருக்கு."

"அப்போ நான்னு சொல்றீங்களா மாமா?" மருமகன் பில்லை எட்டிப் பார்த்தார்.

"இல்ல. புதுப் பிளேட்டுக்குத் துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவித்தான் அனுப்புவாங்க. அசலோ போலியோ, எண்ணெய் இல்லாம எந்தப் பிளேட்டும் வராது. மாட்டுறதுக்கு முன்னாடி அதத் துடைக்கணும், இல்லன்னா கிளட்ச் வழுக்கும். இப்ப நான் தூக்கின பிளேட் காஞ்சு கிடக்கு. அதே கையால கண்ணாடியத் தொட்டேன், ஒரு தீற்றல் இல்ல. யாரோ துடைச்சிருக்காங்க. நேத்து மழை ஈரத்துல துடைச்சதாலதான் கடுகளவு துரு. என்னிக்கோ துடைச்சிருந்தா முகமெல்லாம் செவந்திருக்கும்." அவர் பில்லிலிருந்த கறையைக் காட்டினார். "கறைபட்டா சோப்பு தேடற மாப்பிள்ளைக்கு அதத் துடைக்கணும்னே தெரியாது. இந்தப் பட்டறையில எண்ணெயோட ஒரு பிளேட்டக் கண்டா கை சும்மா இருக்காத ஆளு ரெண்டே பேரு. ஒருத்தன் நான்."

அவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"திருட்டு வேலை செய்யறப்பவும் உன் கை சுத்தமா வேலை செஞ்சிருக்குடா. எங்க குடுத்த?"

தம்பி தலை குனியவில்லை. அதுதான் பெரியவரை அறைந்தது.

"எதிர்ப் பட்டறைக்கு. அவங்களுக்கும் ஞாயித்துக்கிழமை இதே மாடல் வண்டி ஓடுது. என்னைப் பங்காளியாச் சேர்த்துக்கறாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பட்டறையப் பிரிச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"ஒரு வாரம் கத்தினேனே, நான் சொன்ன கிட்டப் போட்டீங்களா? இருபத்தஞ்சு வருஷமா ஊருக்கு நான் உங்க தம்பி. அவ்வளவுதான்."

"அதுக்கு அந்தம்மாவ மலையில நிறுத்திடலாம்னு நெனச்ச. முப்பது வருஷம் பழகினவரைத் திருடன்னு சொன்னப்ப, பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்த."

தம்பி அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்தான். மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். அவனுக்குச் சோறு ஊட்டிய கை காலிப்பரைப் பிடித்தபடி ஸ்டூலிலேயே இருந்தது.

டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "இந்த வருஷம் நான் ஓடல ஐயா. ஆறு வாரம் கழிச்சு நல்லதாப் போட்டுக் குடுங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்."

அவர் போனதும் மருமகன் குரலைத் தாழ்த்தினார். "மாமா, இது நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். சரக்கு சரியில்லன்னு பொதுவாச் சொல்லிக்கலாம். நம்ம குடும்ப மானம்..."

கடைக்காரர் காதில் அது விழுந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரியவர் அவரை நிறுத்தவில்லை, மருமகனை மறுக்கவும் இல்லை. அந்த மௌனத்துக்காக இரண்டு இரவுகள் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. மலையடிவாரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. எதிர்ப் பட்டறையின் காருக்கு அருகே தம்பி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பெரியவர் தனியாக வந்திருந்தார். மெக்கானிக்குகள் கூட்டத்தில் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு நெருங்கினார்.

"டாக்டரம்மா வண்டி வரலியாமே. பார்ட்ஸ் கடைக்காரர் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டுட்டார்னு பேசிக்கறாங்க. இனிமே அவர்கிட்ட வாங்கறதா வேண்டாமான்னு யோசிக்கறோம்."

பெரியவர் முதுகை நிமிர்த்தினார். பத்தடி தள்ளி நின்ற தம்பிக்கும் கேட்கும்படி பேசினார்.

"தப்பு. அவர் குடுத்தது அசல் சரக்கு. அதத் திருடிட்டுப் போலிய வெச்சது என் தம்பி."