சந்தனம் காய்ந்த தோட்டா

"நான் எடுத்தாரலீங்க ஏட்டம்மா. நெசத் தோட்டாவுக்கு நான் எங்கங்க போவேன்?"

காவல்துறை ஆயுதக் கிடங்கில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற அருணாதேவியின் முன் அழுகையை அடக்கியபடி நின்றாள் தேவிப்ரியா. வங்கிக் காவலாளிகளுக்குத் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளக் கற்றுத்தரும் அடி அண்ணாமலை மையத்தில் அவள் சேர்ந்ததே தீபாவளி முடிந்துதான். இன்று காலைச் செய்முறைப் பயிற்சியில் டம்மி தோட்டாக்களை நிரப்பும்போது, ஒன்றில் மட்டும் டம்மிக்கு அடையாளமான பக்கவாட்டு ஓட்டை இல்லை. உடனே துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையை உயர்த்தியிருக்கிறாள்.

"நீதான் கொண்டாந்த, சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கோ, இல்லன்னா போலீசுன்றாரு ஓனரு. கேஸு விழுந்தா எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

"கத்துக் குடுக்கறவரு என்ன சொல்றாரு?"

"மணிவேல் சாருங்களா? வாயே தொறக்கல."

அருணாதேவி மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். அது மூக்கின்மேல்தான் இருந்தது.

"பேரைக் கேட்டதும் கண்ணாடி காணாமப் போவுதா அத்தை?" என்று ஸ்கூட்டர் சாவியோடு வந்தாள் அண்ணன் மகள் மதிவதனி.

மையத்தில் நுழைந்ததுமே துப்பாக்கி எண்ணெயின் வாசனை அருணாதேவியைப் பழைய சுடுதளத்துக்கே இழுத்துப்போனது. மணிவேலின் மீசை முழுக்க நரைத்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மதி, டம்மியோட அடி விளிம்பைப் பாரு."

"மஞ்சளா அப்பியிருக்கு. சந்தனமா?"

"ஆயுத பூசைக்கு வெச்சது. இப்ப அந்த நெசத் தோட்டாவைப் பாரு."

மதிவதனி துள்ளினாள். "அத்தை, இதுலயும் இருக்கு!"

"அப்போ பூசையன்னிக்கே இது இந்தத் தட்டுல இருந்திருக்கு. இந்தப் பொண்ணு சேர்ந்தது அதுக்கப்புறம்."

"அப்ப யாரும்மா?" என்றார் பக்கத்தில் நின்ற ஓனர்.

அருணாதேவி தோட்டாவின் அடியைத் திருப்பினாள். தொண்ணூற்றெட்டு என்று ஆண்டு முத்திரை. நடுவில் ஊசி குத்திய லேசான பள்ளம். சுட்டும் வெடிக்காத தோட்டா.

அவளுக்கு அது தெரியும். பழைய சுடுதளத்தில் அன்று விசையை அழுத்தியும் சத்தம் வரவில்லை. என்னவென்று பார்க்கக் குழாயைத் தன் பக்கம் திருப்பப் போனாள். பக்கத்தில் நின்றவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான். "அசையாத. லேட்டா வெடிக்கலாம். முப்பது எண்ணு." அவனும் கூடவே எண்ணினான். அந்தத் தோட்டா என்ன ஆனது என்று அவள் கேட்கவேயில்லை.

"ஏம்பா மணிவேல், ஒரு பொண்ணோட பொழப்பு போவுது. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"என்னுதுதான்." மணிவேல் நிமிர்ந்தார். "வருஷா வருஷம் வீட்டுல வெச்சுக் கும்புடுவேன். இந்த வருஷம் இங்க வெச்சேன். பூசை முடிஞ்சு எல்லாத்தையும் ஒண்ணா வாரிட்டாங்க. எவ்ளோ தேடியும் கெடைக்கல. காலைல பாத்ததும் பயந்துட்டேன் அருணா."

அவர் தன் கையாலேயே வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டார். தேவிப்ரியாவைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சுடும்மா. கத்துக் குடுத்த நான் கோட்டை விட்டேன். கத்துக்கிட்ட நீ விடல."

ஸ்கூட்டர் கிரிவலப் பாதையில் திரும்பியது. "எல்லாம் சரி அத்தை. அவரு ஏன் அதை வெச்சிருந்தாரு?"

அருணாதேவி வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொண்டு மலையைப் பார்த்தாள். மனத்துக்குள் எண்ணத் தொடங்கினாள். முப்பது வந்தும் நிறுத்தவில்லை.