பற்றுத்தரையின் விலை

வெண்கல் நகரில் காலையில் கண் விழிப்பவர்கள் முதலில் காந்தக் காலுறையைத்தான் தேடுவார்கள். அதை மாட்டாமல் கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினால் தலை கூரையில் போய் முட்டும். நிலவில் உடலின் எடை ஆறில் ஒரு பங்குதான். அதனால் வீட்டுக்கு வீடு இரும்புத்தூள் கலந்த பற்றுத்தரை உண்டு. காலுறையை அது பிடித்துக்கொள்வதால்தான் அங்கே மனிதர்கள் மனிதர்களைப் போல நடக்கிறார்கள்.

அந்தத் தரையைப் போடுவது செங்கமலத்தின் தொழில். கணவர் தணிகைவேல் பலகையை அறுத்துக் கொடுப்பார். அவள் மண்டியிட்டுப் பதிப்பாள். பதினாறு ஆண்டுகள் குறையில்லாமல் ஓடின.

இப்போது ஐந்து மாதமாக வேலை இல்லை. புதிதாக வந்த ஒரு நிறுவனம் ‘விலைநோக்கி’ என்றொரு எந்திர மூளையை வைத்திருந்தது. நகரின் பொதுப் பலகையில் யார் என்ன விலை பதிந்தாலும், அடுத்த நொடியே அது ஒரு காசு குறைத்துப் பதியும். மற்ற நான்கு தரைக்காரர்களும் கடையை மூடிவிட்டுப் பூமிக்குப் போய்விட்டார்கள்.

செங்கமலத்தால் அப்படிப் போக முடியாது. ஆறு மாதம் வேலை இல்லாதவர்களின் காற்று உரிமத்தை நகரம் ரத்து செய்துவிடும். அதன்பின் பூமிதான். ஆனால் தணிகைவேலின் இதயம் பூமியின் எடையைத் தாங்காது என்று மருத்துவர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் மழலையர் பள்ளி ஒன்று தன் விளையாட்டுக் கூடத்துக்குத் தரை போட விலை கேட்டிருந்தது. அன்று நண்பகலோடு நேரம் முடிகிறது.

“பதினெட்டாயிரம்னு போடாதே கமலம். பன்னிரண்டு போடு. கைக்காசு போனாலும் பரவாயில்ல, உரிமம் நிலைக்கும்” என்றார் தணிகைவேல்.

“நான் பன்னிரண்டு போட்டா அது ஒரு காசு குறைச்சுப் போடும். அப்புறம்?”

செங்கமலம் திரையில் பொதுப் பலகையின் பழைய பதிவுகளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு கிடங்கு வேலைக்கு அவள் விலை பதியவில்லை. அந்த வேலை இன்னும் அப்படியே கிடந்தது.

“என்னங்க, இதைப் பாருங்க. நான் போடாத வேலைக்கு அவங்களும் போடல.”

“மறந்திருப்பாங்க.”

“எந்திரம் மறக்குமா?”

அவள் திரையை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தணிகைவேல் கடிகாரத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து மணி, பதினொன்று. “விளையாடாதே, உயிர் விஷயம்” என்று ஒரு தடவை எழுந்து வந்தார். அவள் திரையைத் தொடவில்லை.

பன்னிரண்டு பத்துக்குப் பள்ளித் தலைமையாசிரியை ஜெசிந்தா அழைத்தார்.

“யாருமே விலை போடலம்மா! காலையில ஒரு குழந்தை துள்ளி விளக்குல முட்டி, நெத்தி வீங்கிப்போச்சு. ஏலத்துக்கு யாரும் வரலன்னா நேரடியா ஆள் வெச்சுக்கலாம்னு விதி இருக்கு. நீங்க வர முடியுமா?”

செங்கமலம் அரை மணியில் அங்கே இருந்தாள். கூடத்தை அளந்தாள், மூலைகளில் படுத்துப் பார்த்தாள், ஒரு தாளில் எழுதி நீட்டினாள். பதினெட்டாயிரத்து நானூறு.

ஜெசிந்தா தயங்கினார். “கூடவா குறைவான்னே தெரியலையே. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை இல்ல.”

“ஒப்பிட வேணாம் டீச்சர், கேளுங்க. பலகைக்கு ஒன்பதாயிரம். பசைக்கு ரெண்டு. எங்க ரெண்டு பேர் ஆறு நாள் உழைப்புக்கு நாலு. ஓரமெல்லாம் ரப்பர் வைக்கிறேன், குழந்தைங்க விழுற இடம், அதுக்கு ஒண்ணு. அஞ்சு வருஷத்துல எது பெயர்ந்தாலும் நானே வந்து போடுவேன், அதுக்கு ஆயிரத்து நானூறு. மிச்சம் ஆயிரம் என் லாபம். மறைக்கல.”

ஜெசிந்தா தாளை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே காற்று உரிமம் புதுப்பிக்கப்பட்டது. சேதி வந்ததும் தணிகைவேல் காலுறையைக் கழற்றி வீசிவிட்டு ஒரு குதி குதித்தார். கூரையில் இடித்துக்கொண்டு, தலையைத் தடவியபடி சிரித்துக்கொண்டே மெல்ல இறங்கினார். பல மாதங்களுக்குப் பிறகு செங்கமலம் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

மறுநாள் காலை அந்த நிறுவனத்தின் மேலாளர் குணநிதியே அழைத்தார். குரலில் அவ்வளவு பணிவு.

“மேடம், நீங்க எப்பவும்போல பலகையில விலை பதியணும். மாசாமாசம் அதுக்குன்னே ஒரு தொகை தர்றோம்.”

“எதுக்குங்க?”

“நீங்க பதியலன்னா எங்க எந்திரம் அசைய மாட்டேங்குது.”

செங்கமலத்துக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அவ்வளவு பெரிய மூளை. பலகைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவுன்னு அதுக்குக் கூட்டத் தெரியாதா?”

குணநிதி சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். “எப்படி விலை வைக்கணும்னு நாங்க அதுக்குத் தனியா சொல்லித் தரல மேடம். பூமியில இருநூறு வருஷமா வியாபாரிங்க எப்படி விலை வெச்சாங்களோ, அந்தப் பதிவையெல்லாம் படிச்சு அதுவே கத்துக்கிச்சு.”

“என்ன கத்துக்கிச்சு?”

“ஒரே ஒரு கேள்விதான் மேடம். ‘பக்கத்துக் கடையில என்ன விலை?’”